இரண்டு விரல் அளவு

என் வாய் இப்போது இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே விட்டால் பல் இடிக்கும். மூன்றாவது விரலுக்கு இடம் கிடையாது. இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் பிடித்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இடது காதுக்குக் கீழே சுளீரென்று இழுக்கும். கீழ் உதட்டில் இடது பாதி எனக்குச் சொந்தமில்லை. கிள்ளினாலும் தெரியாது. டீ குடிக்கும்போது அந்தப் பக்கம் வழிந்து மோவாயில் நிற்கும். எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் துடைத்துக்கொள்கிறேன்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் கொஞ்சம் குறைவாகப் பேசுவார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு வாய்தான் தொழில். காசிமேட்டில் இருபத்திரண்டு வருடமாக மீன் ஏலம் போடுகிறவள் நான். கல்யாணமாகி வந்த புதிதில், என் வீட்டுக்காரர் ஓட்டுகிற லாஞ்சுக்கு ஏலம் போடுகிறவர் ஒரு நாள் வராமல் போனார். மீன் தரையில் கிடக்கிறது, வெயில் ஏறுகிறது, ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. பிளஸ் டூ வரை படித்த பெண், புதுத்தாலியின் மஞ்சள்கூடப் போகவில்லை, நடுவில் போய் நின்று கத்த ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அப்புறம் நான்கு படகுகள் என் வாய்க்கு வந்து சேர்ந்தன.

எங்கள் ஏலத்தில் மைக் கிடையாது. ஒரு பக்கம் லாஞ்சு எஞ்சின், ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற மிஷின், பின்னால் ஆட்டோக்காரர்களின் ஹாரன். இத்தனையையும் தாண்டிக் குரல் போக வேண்டும். கூடையைக் கவிழ்த்ததும் சுற்றி வியாபாரிப் பெண்கள் வளையமாக நிற்பார்கள். நான் முதலில் வாய் கூசாமல் ஒரு விலை சொல்வேன். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். உடனே திட்டு விழும். என் கண்ணைப் பற்றி, என் பேராசையைப் பற்றி, மீனின் வயதைப் பற்றி எல்லாம் வரும். நான் திருப்பிக் கொடுப்பேன். பாதி விலையிலிருந்து ஒருத்தி ஆரம்பிப்பாள், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போவேன். அந்தத் திட்டு இல்லாமல் ஏலம் சூடு பிடிக்காது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அடிதடி வரப்போகிறது என்று நினைப்பார்கள்.

இதில் என்னுடன் சரிக்குச் சரி நின்றவள் புளியந்தோப்புக்காரி. என் வயதுதான் இருக்கும். முதல் பஸ்ஸில் வந்து, மீனை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய், அவள் பகுதி மார்க்கெட்டில் வைத்து விற்பாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன முதல் விலையை அவள் மதித்ததே இல்லை. "இன்னாமே, மீனுக்கு வெல சொல்றியா, லாஞ்சுக்கே வெல சொல்றியா?" என்பாள். நான், "லாஞ்சு வாங்கற மூஞ்சியா இது?" என்பேன். வளையமே சிரிக்கும். அவளை எனக்குப் பிடிக்காது என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம் கீழே மூன்று கடைவாய்ப் பற்கள் சொத்தை. இரண்டு வருடமாகவே படுத்திக்கொண்டிருந்தன. கிராம்பு, வலி மாத்திரை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தடைக்காலம் வந்ததும் பிடுங்கிவிடலாம் என்பது கணக்கு. லாஞ்சுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதமும் எனக்கு வேலை இல்லை, கத்த வேண்டாம், வீட்டில் கிடக்கலாம். ஆனால் தடைக்காலம் ஆரம்பித்த நாளிலிருந்து பல் வலிக்கவே இல்லை. அதுவும் தடைக்காலம் அனுசரித்தது போலிருக்கிறது. வலிக்காத பல்லை யார் போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள்? நானும் சீரியல் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். தடை முடிய நாலு நாள் இருக்கும்போது, வலை ஏற்றுகிறார்கள், டீசல் பிடிக்கிறார்கள் என்று துறைமுகம் விழித்துக்கொண்டபோது, பல்லும் விழித்துக்கொண்டது. அந்த வலியோடு புது சீசனை ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. லாஞ்சுகள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த பல் கிளினிக்குக்குப் போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார்.

காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அன்று நான் இரண்டு தடவை குளித்திருந்தேன். துறைமுகத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு ஜலதோஷமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. உள்ளே போனதும் டாக்டரம்மா, "என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று கேட்டாள். சின்னப் பெண், நல்ல பெண்.

"வூட்டு வேலதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டதற்கும் இல்லை என்றேன். பரிசோதித்துப் பார்த்தால்தானே இருக்கிறதா இல்லையா என்று தெரியும், நான் ஜன்மத்தில் பார்த்ததில்லை.

மூன்று பல்லும் ஒரே நாளில் வந்தன. ஒன்று முழுதாக வரவில்லை, வேரை உடைத்து உடைத்து எடுத்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் அவள் பொறுமையாகச் சொன்னாள். "பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடிக்கும்மா. அது போயிடக்கூடாது. போயிட்டா உள்ள எலும்பு திறந்துக்கும், வலி தாங்க மாட்டீங்க. ஒரு வாரம் சத்தமா பேசாதீங்க. துப்பாதீங்க. எதையும் வாயில வெச்சு உறிஞ்சாதீங்க. நாளையிலேருந்து வெதுவெதுப்பா உப்புத்தண்ணி வெச்சு மெதுவா கொப்பளிங்க, அது போதும்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "டாக்டரம்மா சொன்னத கேட்டியா மே? ஒரு வாரம் வாய மூடிகினு கெட. நம்ப தெருவுக்கே புண்ணியம்" என்றார். நான் பஞ்சைக் கடித்தபடியே முறைத்தேன். அவர் அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். இரண்டு மாதம் கழித்துக் கடலுக்குப் போகப் போகிற சந்தோஷம்.

அவருடைய லாஞ்சு ஆழக்கடலுக்குப் போகிறது, திரும்ப நான்கு நாள் ஆகும். ஆனால் என் நான்கு படகுகளில் ஒன்று போன மறுநாளே திரும்பிவிடும். தடை முடிந்து வருகிற முதல் கூடையை யார் ஏலம் விடுவது என்பது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. ஓனர் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, ராசியான வாய் என்று யாரை நம்புகிறாரோ அவரைக்கொண்டுதான் முதல் விலை சொல்ல வைப்பார். அந்தப் படகுக்கு எட்டு வருடமாக அது என் வாய்தான். முந்தின நாள் மாலையே அந்தப் படகின் ஓனர் என் வீட்டுக்கு வந்தார். என் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கூட, அவ்ளோதாம்மா. உன் வாயால ஆரம்பிச்சாத்தான் எனுக்கு வருசம் ஓடும். அப்பால உன் நாத்தனார் பாத்துகட்டும்" என்றார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. பத்து வருடமாக என்னுடன் நின்று கூடை கவிழ்ப்பாள், யார் எடுத்தார்கள் என்று சொல்லி எழுத வைப்பாள், தண்ணீர் கொண்டு வந்து தருவாள். ஏலம் போட ஆசை உண்டு, குரல் உண்டா என்று யாருக்கும் தெரியாது. நான் விட்டால்தானே தெரிவதற்கு.

முடியாது என்று ஓனரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைகூட வேண்டாம், தலையை ஆட்டியிருந்தால் போதும். என் இடத்தில் இன்னொரு வாய் முதல் விலை சொல்வதை நினைத்தேன், அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. உண்மை அதுதான். ஓனரையும் ராசியையும் இதில் இழுப்பது அழகில்லை.

பல் பிடுங்கிய மூன்றாம் நாள் காலை நடுவில் போய் நின்றேன். ஒரு கூடை என்றுதான் போனேன். சங்கரா மீன், ரத்தச் சிவப்பில் பளபளவென்று கிடந்தது. விலையைச் சொன்னதும் புளியந்தோப்புக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாமே, வாயில கொயக்கட்டையா? ரெண்டு மாசம் துன்னுட்டு தூங்கிகினு இருந்தா இப்டித்தான். ஒயுங்கா சொல்லு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒழுங்காகச் சொன்னேன். துறைமுகத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சொன்னேன். அப்புறம் இரண்டாவது கூடை, மூன்றாவது கூடை. ஏலத்தில் இறங்கிவிட்டால் எனக்கு உடம்பு நினைவு இருக்காது. நடுவில் வாயில் உப்புக் கரித்தது. துப்பினேன், சிவப்பாக வந்தது. நாத்தனார் என் கையைப் பிடித்து, "ரத்தம் வருது அண்ணி, போதும், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"உன் கொரலு மூணாவது ஆளுக்கே கேக்காது. தள்ளு" என்றேன்.

வலி பதினோரு மணிக்கு மேல் ஆரம்பித்தது. பல்வலி தெரியும் எனக்கு, இரண்டு பிள்ளை பெற்ற வலியும் தெரியும். இது வேறு. தாடை எலும்பிலிருந்து கிளம்பி, காதுக்குள் போய், கண்ணுக்குப் பின்னால் நின்று துடித்தது. துறைமுகத்தில் யாருக்கு என்ன அடிபட்டாலும் முதலில் கை போவது ஐஸுக்குத்தான். முள் குத்தினால் ஐஸ், கயிறு அறுத்தால் ஐஸ், கதவில் விரல் நசுங்கினால் ஐஸ். மீன் பெட்டிக்குக் கொட்டுகிற உடைத்த ஐஸ் அங்கே மலைபோலக் கிடக்கும். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு அந்தக் குழியின் மேல் வைத்து உறிஞ்சினேன்.

சொர்க்கம் மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் உலகத்தில் வலியே இல்லை. கரைந்ததும் இன்னொரு துண்டு.

அது குடிக்கிற ஐஸ் இல்லை. என்ன தண்ணீரில் உறையவைக்கிறார்கள், எந்தக் காலால் மிதித்து வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கரும்பு ஜூஸ் விற்கிறவன் ஒருத்தன் அந்த ஐஸைப் போட்டுக் கொடுத்தான் என்று, "மீனுக்குப் போட்றத மனுசனுக்குக் குடுக்கறியே, கலீஜ் புடிச்சவனே" என்று அவன் டம்ளரைப் பிடுங்கிக் கொட்டியவளே நான்தான். அந்த நான்தான் மூன்று நாள் அந்த ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு ஏலம் போட்டேன். ஒவ்வொரு கூடைக்கும் நடுவில் ஒரு துண்டு. கன்னம் மரத்திருக்கும்வரை கத்தலாம், மரப்பு விட்டதும் அடுத்த துண்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் எல்லோருக்கும் அது வைத்தியம்தான்.

பல் பிடுங்கிய ஆறாம் நாள் வீட்டுக்காரரின் லாஞ்சு வந்தது. கீழே இறங்கியவர் கையில் ஐந்து லிட்டர் குடிதண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. புதுக் கேன், மூடியைத் துணி வைத்துக் கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் வைத்தார்.

"உப்புத்தண்ணின்னு டாக்டரம்மா சொல்லிச்சில்ல? கரத் தண்ணி இல்ல மே, இது தூரத்துல எட்தது. நீலமா கீற எடத்துல. கண்ணாடி கணக்கா கீது பாரு."

வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உண்மையில் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. நான்கு நாள் கடலில் வலையும் வேலையும் பார்த்துக்கொண்டு, நடுவில் எனக்காகத் தண்ணீர் மொண்டு, கேனை எஞ்சின் சூடு படாத இடத்தில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இளஞ்சூடாக்கிக் கொடுத்தார். அவர் பார்க்கப் பார்க்க நான்கு நாள் காலையும் மாலையும் கொப்பளித்தேன். ஐஸ் பற்றிச் சொல்லவில்லை. பகலில் அவர் வலை வேலைக்குப் போனதும் நான் ஐஸுக்குப் போவேன்.

அதற்குள் வாய் நாற ஆரம்பித்திருந்தது. மீன் நாற்றத்தில் வாழ்கிறவர்களே முகம் திருப்புகிற நாற்றம். அவர் வந்த ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பல் தேய்க்க வாயைத் திறந்தேன், திறக்கவில்லை. பிரஷ் உள்ளே போகவில்லை. கன்னமும் கழுத்தும் சேர்ந்து ஒரே வீக்கம், எச்சில் விழுங்க முடியவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. கிளினிக் டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். "இது மூச்சுக்குழாயை அடைச்சிடும், உடனே போங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். என்னிடம் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்திருக்கும்.

தாடைக்கு அடியில் வெளியிலிருந்தே கிழித்துச் சீழ் எடுத்தார்கள். குழாய் ஒன்று தொங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை கன்னாபின்னாவென்று இருந்தது. அடுத்த நாள் பெரிய டாக்டர் வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் என் வீட்டுக்காரர்.

"பல்லு எடுத்த இடத்துல என்னம்மா வெச்சீங்க? உள்ளதைச் சொல்லுங்க, அப்பதான் மருந்து கொடுக்க முடியும்."

வாய் பூட்டிக் கிடந்தது. நர்ஸ் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தாள். நான், 'உப்புத் தண்ணீர்' என்று எழுதினேன். டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தார்.

வீட்டுக்காரர் உடனே, "நான்தான் சார் எத்தாந்தேன். கடல் தண்ணி" என்றார்.

"கடல் தண்ணியா? புண்ணு மேலயா? அதுல என்னென்ன கிருமி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" டாக்டர் வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புயலில் லாஞ்சைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த மனிதர், அன்று ஒரு கேன் தண்ணீருக்காகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பேனா என் கையில்தான் இருந்தது. அட்டையில் இடமும் இருந்தது. 'ஐஸ்' என்று இரண்டு எழுத்து. நான் எழுதவில்லை. பேனாவை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வெட்கம்தான். ஊருக்கே ஐஸ் பாடம் நடத்தினவள், வீட்டு வேலை என்று பொய் சொன்னவள், ஒரு கூடை என்று போய் மூன்று நாள் கத்தினவள். எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தால் அட்டை போதாது. அவர் பழியை எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இரண்டு மாதத்தில் எலும்பு செத்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். அதோடு உதட்டுக்குப் போகிற நரம்பும் போயிற்று. எடுத்ததை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு எடுத்துப் போகும்போது பார்த்தேன். நண்டு ஓடு உடைந்தது போல, பழுப்பாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது. எதனால் இப்படி என்று வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். எது என்று ஒன்றைச் சொல்ல முடியாது, சர்க்கரையும் இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேனை அவர் எங்கே எறிந்தார் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் அப்புறம் பார்க்கவில்லை. அதற்குப் பதில் தினமும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, பாக்கெட் உப்பை ஸ்பூனால் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொடுத்தார். கடலுக்குப் போகிற நாட்களில் மகளிடம் பத்து தடவை சொல்லிவிட்டுப் போவார்.

வாய் திறக்கப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவில் செருக வேண்டும். நின்றதும் இன்னொன்றை நடுவில் நுழைக்க வேண்டும். நான்கு குச்சியில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு குச்சிக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஆறு, எட்டு, பத்து. குச்சி ஏற ஏற எனக்கு ஒரே எண்ணம்தான். அடுத்த தடைக்காலம் முடியும்போது முதல் கூடைக்கு நான் நிற்க வேண்டும். "எவ்ளோ நாளானாலும் உன் வாய்தாம்மா" என்று ஓனர் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லியிருந்தார். அதுவரை நாத்தனார் ஏலம் போட்டாள். அவள் குரல் மூன்றாவது ஆளுக்கு இல்லை, முப்பதாவது ஆளுக்கும் கேட்கிறது என்று வருகிறவர்கள் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

பதினான்கு குச்சியில் நின்றுவிட்டது. பதினைந்தாவது போகவே இல்லை. ஒரு மாதம் முட்டிப் பார்த்தேன், ஒருநாள் குச்சி உடைந்து ஈறு கிழிந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்காரர் உப்புத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஐஸை வைத்தேன், உன் தண்ணீருக்கு முன்னாலேயே மூன்று நாள் வைத்தேன், அப்புறமும் வைத்தேன் என்றேன். அப்போது என் பேச்சு தெளிவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்தது. ஸ்பூன் நின்றது.

"அப்பவே எய்திக் காட்டியிருக்கலாமே மே" என்றார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "இத்தினி மாசமா கடல பாக்கசொல்லல்லாம் உன் மூஞ்சிதான் வந்துச்சு" என்றார். அப்புறம் மிச்ச உப்பையும் கலக்கி டம்ளரை என்னிடம் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தடைக்காலம் வந்தது, முடிந்தது. முதல் கூடை நாளுக்கு முந்தின வாரமெல்லாம் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். குக்கர் விசிலைத் தாண்டிக் கேட்கிறதா என்று மகளைக் கூடத்தில் நிறுத்திக் கேட்டேன். கேட்கிறது என்றாள். பெற்ற பெண், வேறென்ன சொல்வாள்.

அன்று காலை ஓனர் சூடம் ஏற்றினார். கூடையைக் கவிழ்த்தார்கள். மறுபடியும் சங்கராதான். நாத்தனார் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். சுற்றி வளையம், அதே முகங்கள், என் தாடைக்கு அடியில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தார்கள். நான் முந்தானையால் மோவாயை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, வாய் கூசாமல் ஒரு விலை சொன்னேன். எப்போதும் சொல்வதைவிட அதிகமாகவே சொன்னேன், நன்றாகத் திட்டு விழட்டும் என்று. குரல் வந்தது. ஆனால் மூடிய பாத்திரத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது. 'ரெண்டாயிரம்' என்பதன் பாதி உதட்டிலேயே வழிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

திட்டு விழவில்லை. ஐஸ் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. நான் புளியந்தோப்புக்காரியைப் பார்த்தேன். இடுப்பில் கை வைப்பாள் என்று காத்திருந்தேன். கொழுக்கட்டையா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட வீட்டில் யோசித்து வைத்திருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், மீனைப் பார்த்துக்கொண்டு, "சரி, எனுக்குக் குடு" என்றாள்.

வேறு யாரும் மேலே கேட்கவும் இல்லை, கீழே கேட்கவும் இல்லை. அந்த விலைக்கு வாங்கினால் அன்றைக்கு அவளுக்குக் கையைக் கடிக்கும். அது அவளுக்குத் தெரியும், வளையத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் குனிந்து அவளிடம், "இன்னாமே, வெல கேக்கல? திட்டல?" என்றேன்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் கையிலிருந்த துணியால் என் மோவாயை மெதுவாகத் துடைத்துவிட்டாள். வழிந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் பின்னால் நகர்ந்தேன். நாத்தனாரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் தயங்கினாள், முதுகில் கை வைத்து முன்னால் தள்ளிவிட்டேன். இரண்டாவது கூடை கவிழ்ந்தது. அவள் கணீரென்று ஒரு விலை சொன்னாள், நான் சொன்னதில் பாதிகூட இல்லை. அடுத்த நொடியே புளியந்தோப்புக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி வெல இது? மீனுக்கா, உங்க அண்ணன் லாஞ்சுக்கா?" என்று கத்தினாள். வளையம் முழுக்கச் சிரித்தது, நாத்தனார் திருப்பிக் கொடுத்தாள், ஏலம் சூடு பிடித்துக்கொண்டது.

அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது. பக்கத்தில் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கூடைகள் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.